தறிக்குழியில் தண்ணீர், மணி பதினொன்று பத்து

என் மகள் ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பத்தாம் நாள், அவளுடைய லைன் சூப்பர்வைசருக்கு நான் நான்கு முறை போன் செய்தேன். அங்கே வேலை செய்கிற பெண்கள் கைபேசியை வாசலிலேயே ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஷிப்ட் முடிந்த பிறகுதான் திரும்பக் கையில் கிடைக்கும். இடையில் எட்டு மணி நேரம். அந்த எட்டு மணி நேரத்தில் கம்பெனி பஸ் கவிழ்ந்திருக்கலாம், மெஷினில் கை மாட்டியிருக்கலாம், மயங்கி விழுந்திருக்கலாம். சூப்பர்வைசரின் நம்பர் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கூட வேலை செய்யும் பெண்ணின் அம்மாவிடம் பொய் சொல்லி வாங்கினேன்.

நான்காவது முறை அந்த ஆள், "உங்க பொண்ணு உயிரோடதான் இருக்குதும்மா. வேணும்னா வீடியோ கால்ல வாங்க, காமிக்கிறேன்," என்றார். பக்கத்தில் யாரோ சிரிப்பது கேட்டது.

அன்றைக்கு மகள் வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்காராமல், நின்றபடியே சொன்னாள்.

"இன்னொரு வாட்டி போன் பண்ணன்னு வெச்சிக்கோ, நான் அங்கயே ஹாஸ்டல்ல தங்கிடுவேன். போய்ட்டு வந்தாதானே உனக்கு பயம்? வராமயே இருந்துக்கறேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். எங்களுக்கு அவள் ஒருத்திதான். அவள் வீட்டை விட்டுப் போய்விடுவாள், அதற்குக் காரணம் நானாக இருப்பேன் என்பது அன்றைக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இருந்தும் மறுநாள் காலை பத்து மணிக்குப் போனைக் கையில் எடுத்தேன். என் கணவர் அதைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நெய்யப் போனார்.

நான் ஏழாவது வரைதான் படித்தேன். எங்கள் அப்பாவுக்குக் கோர்வை போட ஆள் இல்லாமல் போனதால் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றேன். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால், இரண்டையும் ஒவ்வொரு ஊடைக்கும், அதாவது குறுக்கிழைக்கும், கோத்துச் சேர்க்க இரண்டாவது ஆள் தறியின் ஓரத்தில் உட்கார வேண்டும். முதலில் அப்பாவுக்கு, பிறகு கணவருக்கு என்று முப்பது வருஷமாக அந்த ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பயப்படுவதற்கு வசதியான வேலை. கை அதுபாட்டுக்கு ஓடும், தலை சும்மா இருக்கும்.

நெஞ்சு படபடக்கிறது என்று ஒரு மருத்துவமனைக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் ஈசிஜி எடுத்தார்கள். மூன்றாவது முறை டாக்டர் தாளைப் பார்க்காமலே, "இதயத்துல ஒண்ணும் இல்லம்மா. பின்னாடி கட்டடத்துல புதன்கிழமை மனசு கஷ்டத்துக்குப் பாக்கற ஒரு மேடம் வருவாங்க. அவங்களப் பாருங்க," என்றார். அந்தப் புதன்கிழமை அமாவாசை. அமாவாசையன்று நாங்கள் தறியில் உட்காருவதில்லை. அதனால்தான் போனேன். இல்லையென்றால் போயிருக்க மாட்டேன்.

அந்த மேடத்துக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். குழந்தைகளை எடை போடும் அறையைத்தான் அவருக்குக் கொடுத்திருந்தார்கள். எடை மெஷினை ஓரமாக நகர்த்திவிட்டு, இரண்டு நாற்காலிகளில் கதவுக்குப் பக்கத்தில் இருந்ததை எனக்குக் காட்டினார்.

"கதவ மூடட்டுமாம்மா, தெறந்தே இருக்கட்டுமா?"

கதவைப் பற்றி யாரும் அதுவரை என்னைக் கேட்டதில்லை. பாதி மூடினால் போதும் என்றேன். அவர் எழுந்து போய்ப் பாதி மூடினார். இங்கே பேசுவது வெளியே போகாது என்றார். என் உயிருக்கோ வேறு யார் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் இன்னொருவரிடம் சொல்ல வேண்டியிருக்கும், அதையும் முதலில் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன் என்றார். அப்புறம், தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது போன்ற குரலில், "செத்துடலாம்னு எப்பனா தோணிச்சாம்மா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லை என்றேன். சரி என்று எழுதிக்கொண்டார். பிறகு போன ஒவ்வொரு புதனும் அதைக் கேட்டார். நாளடைவில் அந்தக் கேள்வி எனக்குக் கேஸ் அடுப்பை அணைத்தாயா என்பது போல் ஆகிவிட்டது. கேட்காமல் விட்டால்தான் யோசித்திருப்பேன்.

மகளைப் பற்றி எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, நான் வந்த காரியத்தைக் கேட்டேன்.

"அவளுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிடுங்க மேடம். படிச்சவங்க சொன்னா எனக்கு நிம்மதி."

"அத என்னால சொல்ல முடியாதும்மா."

"ஏன்?"

"எனக்குத் தெரியாதே."

எனக்குக் கோபம் வந்தது. தெருவில் எல்லாரும் சொல்கிறார்கள். கோயில் குருக்கள் சொல்கிறார். என் கணவர் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே "ஒண்ணும் ஆவாதுமே" என்று சொல்லிவிடுவார். இவர் ஒருவர்தான் சொல்ல மாட்டேன் என்கிறார்.

"அடுத்த புதன் பத்தரைக்கு நான் இந்த ரூம்ல இருப்பேன். அத சொல்ல முடியும். வர முடியலன்னா மொத நாளே போன் பண்ணி சொல்லிடுவேன். அதுவும் சொல்ல முடியும்," என்றார்.

இதைச் சொல்வதற்கு எதற்கு அவ்வளவு படிப்பு என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அடுத்த புதன் பத்தரைக்குப் போனபோது அவர் அங்கே இருந்தார்.

இரண்டாவது முறையோ மூன்றாவது முறையோ, என் தொழிலை வைத்து எனக்குப் புரியவைக்கலாம் என்று நினைத்து, "பாவுல சிக்கல் விழுந்தா பொறுமையா ஒவ்வொரு இழையா பிரிப்பீங்க இல்லியா, மனசும் அந்த மாதிரிதாம்மா," என்றார்.

"எல்லாச் சிக்கலயும் பிரிக்க மாட்டோம் மேடம். சிலத வெட்டிட்டு வேற இழை சேத்துடுவோம். பிரிச்சுக்கினே உக்காந்தா பொழுது போயிடும்."

அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். "எனக்குத் தறி தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்," என்றார். அன்றைக்குத்தான் அவரை எனக்குப் பிடித்தது.

ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். என் பயங்களில் கொஞ்சம் சின்னது எது என்று கேட்டார். தறிக்குழி என்றேன். எங்கள் தெருவில் இன்னும் பல வீடுகளில் குழித்தறிதான். நெய்கிறவர் குழியில் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிப்பார். மழை வந்தால் குழிக்குள் தண்ணீர் வந்துவிடுமோ என்று தூறல் விழும்போதே போய்ப் பார்ப்பேன். டார்ச் அடித்துப் பார்ப்பேன். டார்ச்சை நம்பாமல் குனிந்து கையை விட்டு அடித்தரையைத் தொட்டுப் பார்ப்பேன். ஒரு மழைக்கு முப்பது தடவையாவது பார்ப்பேன்.

மேடம் சொன்ன முறை இதுதான். காலையில் ஒரு முறை பார்க்கலாம். சாயங்காலம் ஒரு முறை பார்க்கலாம். நடுவில் பயம் வந்தால் எழுந்து போகக் கூடாது. நோட்டில் மணியைப் போட்டு, என்ன பயம் என்று எழுதிவிட்டு, கையில் இருக்கும் வேலையைத் தொடர வேண்டும். சாயங்காலம் எடுத்துப் படித்து, நடந்ததா இல்லையா என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் ஒழுங்காக எழுதாத நான் இதை ஒரு நாள்கூட விடாமல் எழுதினேன். ஆடி, ஆவணி இரண்டு மாதமும் தூறிக்கொண்டுதான் இருந்தது. எல்லாப் பயத்துக்கும் பக்கத்தில் நடக்கவில்லை, நடக்கவில்லை என்று வந்தது. பிறகு அதே முறையை மகளைப் பற்றிக் கேட்டுப் போன் செய்யும் விஷயத்திலும் தொடங்கினோம். புரட்டாசி முடிவதற்குள் சூப்பர்வைசர் என் குரலை மறந்திருப்பார். மகளும் ஹாஸ்டல் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அங்கே இடம் கேட்டுக் கொடுத்திருந்த பெயரை அவள் இன்னும் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஐப்பசியில் பெரிய மழை பிடித்தது. ஏரி உடையப் போகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஆண் குரல் அழுதுகொண்டே சொன்னது. எந்த ஏரி என்று அவர் சொல்லவில்லை. ஆளாளுக்கு ஒரு ஏரியை நினைத்துக்கொண்டார்கள். அந்தப் புதன் மேடம் வந்திருக்க மாட்டார் என்று நினைத்துத்தான் போனேன். புடவைக் கொசுவம் முழங்கால் வரை நனைந்து உட்கார்ந்திருந்தார்.

"எங்க வீட்டாண்ட பாலாறு ரொம்பிப் போவுதும்மா. அம்மா தனியா இருக்காங்க. அதனால நடுவுல ஒரு தடவ போன் பார்ப்பேன். மத்தபடி இந்த முக்கால் மணி நேரம் உங்களுக்குத்தான்."

"உங்களுக்கு பயமா இல்லியா மேடம்?"

"இருக்குது."

அவர் சொன்னபடியே ஒரே ஒரு தடவைதான் போனைப் பார்த்தார். பயந்துகொண்டே இருக்கிற ஒருவர் என்னை முக்கால் மணி நேரம் கவனித்துக் கேட்டார். அது எப்படி முடிகிறது என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. மகள் விடிவதற்கு முன்பே பஸ் ஏறிவிட்டாள். மழை ஈரத்தில் பட்டு இழை நமுத்துவிடும் என்பதால் தறியைத் துணி போட்டு மூடியிருந்தோம். சந்தன நிறத்தில் உடல், அரக்கு நிறத்தில் கரை. கல்யாணப் புடவை, முக்கால் பாகம் நெய்து முடித்திருந்தது. காலையில் குழியைப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. வேலை இல்லாததால் கணவர், எங்களுக்குப் பாவு கொடுக்கும் மேஸ்திரி வீட்டுக்குப் போனார். நான் சமையல்கட்டில் அரிசி புடைக்க உட்கார்ந்தேன்.

அன்றைக்கு நோட்டில் நான் எழுதியது இன்னும் என்னிடம் இருக்கிறது.

மணி 11.10. தறிக்குழியில் தண்ணீர்.

மணி 11.25. தறிக்குழியில் தண்ணீர். முன்பைவிட அதிகம்.

மணி 11.50. களக் என்று சத்தம். நினைப்பு.

மணி 12.20. தரை சில்லென்று இருக்கிறது. இதுவும் நினைப்பாக இருக்கலாம்.

ஒவ்வொன்றையும் எழுதிவிட்டு அரிசியைப் புடைத்தேன். எழுந்து போகவில்லை. அவ்வளவு கட்டுப்பாட்டோடு நான் வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு மணிக்குக் கணவர் வந்தார். தறி இருக்கும் அறையிலிருந்து அவர் குரல் கேட்டது.

"இந்தாமே! மிதிகட்ட மெதக்குது!"

தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை. பூமிக்கு அடியிலிருந்து ஊறிக் குழியை நிரப்பி, தரை மட்டத்துக்கு வந்திருந்தது. தரையை ஒட்டி, நெய்த புடவையைச் சுருட்டி வைத்திருக்கும் மரத்தின் அடிப்பக்கம் நனைந்து, அரக்குச் சாயம் சந்தன நிறத்தில் ஒரு சாண் அகலத்துக்கு இறங்கியிருந்தது. கணவர் என்னைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த நோட்டை வாங்கிப் படித்தார்.

"பதினொண்ணு பத்துக்கே வந்துடுச்சா? தண்ணிகிட்ட கையெழுத்து வாங்கினியா?"

"மேடம் சொன்ன மாதிரிதான் செஞ்சேன்," என்றேன்.

பக்கத்து வீட்டார் இரண்டு பேர் வந்தார்கள். நாலு பேரும் குடத்தால் மொண்டு தெருவில் ஊற்றினோம். மொள்ள மொள்ள ஊறியது. மூன்றரைக்கு வர வேண்டிய மகள் ஏழு மணிக்குத்தான் வந்தாள். சாலையில் தண்ணீர் நின்று பஸ்ஸைத் திருப்பி விட்டார்களாம். அந்த மூன்றரை மணி நேரத்தில் நான் அவளை ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்பதை மறுநாள்தான் கவனித்தேன்.

அவள் நோட்டை வாங்கிப் படித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். "வெள்ளம் கடல் வரைக்கும் அடிச்சிக்கினு போனாலும் எழுதிக்கினே போவியாம்மா நீ?" என்றாள். அப்புறம் அவள் முகம் மாறியது.

"யாரு அந்த மேடம்? புதன்கிழமை நானும் வரேன்."

வேண்டாம் என்றேன். லீவு போட்டுவிட்டு வந்தாள்.

அந்த அறையில் உட்கார நாற்காலி இரண்டுதான். மகள் எடை மெஷின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். நான் முடித்ததும் மகள் ஆரம்பித்தாள்.

"எங்க அம்மா முட்டாள் இல்ல மேடம். நீங்க சொல்றத அப்படியே செய்வாங்க, அவ்ளோதான். அதுகூட தெரியாமயா இவ்ளோ நாள் பேசிக்கினு இருந்தீங்க?"

என்னை விட்டுப் போகிறேன் என்று சொன்னவள் எனக்காகச் சண்டை போடுவதை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு யார் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

"தப்பு என்னுதுதான்," என்றார் மேடம். "தறிக்குழிய நான் கண்ணால பார்த்ததே இல்ல. அடியிலருந்து தண்ணி ஊறும்னு கேட்டுத் தெரிஞ்சுக்கல. பாத்தா தீர்ற பயம் ஒண்ணு இருக்குது, எவ்ளோ பாத்தாலும் தீராத பயம் ஒண்ணு இருக்குது. ரெண்டுக்கும் ஒரே மருந்தக் குடுத்துட்டேன். உங்க பொடவ வீணாப் போச்சு. மன்னிச்சிடுங்கம்மா."

என் பக்கம் திரும்பி, "என் மேல கோவம் இருக்குதாம்மா?" என்றார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இருக்குது மேடம்," என்று வந்தது.

"இருக்கட்டும். இங்க கோவப்படலாம்."

அதோடு விட்டுவிடவில்லை. தறிக்குழி எப்படி இருக்கும் என்று ஒரு தாளில் வரைந்து காட்டச் சொன்னார். நான் வரைந்தது கிணறு மாதிரி இருந்தது. மகள் பேனாவைப் பிடுங்கி, "இவ்ளோ ஆழம் இருந்தா அப்பா உள்ள போய்டுவாரு," என்று திருத்தி வரைந்தாள். ஒரு மணி நேரம் விடாமல் மழை பெய்தால் எழுந்து போய் ஒரு முறை, கண்ணால் மட்டும் பார்ப்பது என்று மூன்று பேரும் பேசி முடிவு செய்தோம். உலர்ந்திருந்தால் நோட்டு. ஈரமாக இருந்தால் குடம்.

கிளம்பும்போது மேடம் மகளிடம், "நீங்க எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டார். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டதாகத்தான் நான் நினைத்தேன். மகள் எடை மெஷினின் தட்டை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். முள் ஏறி இறங்கியது.

"அந்த பஸ்ஸுதான் மேடம். டிரைவர் ரெண்டு ஷிப்ட் சேத்து ஓட்றாரு. காலைல தூங்கி வழியறாரு. நான் முன்னாடி சீட்ல உக்காந்து அவரோட பேசிக்கினே போவேன், தூங்கக் கூடாதுன்னு. ஹாஸ்டல்னா கம்பெனிக்கு நடந்தே போயிடலாம்." அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னாள், "இவங்ககிட்ட சொன்னா அவ்ளோதான். அதான் கோச்சுக்கினு போற மாதிரி போயிடலாம்னு பார்த்தேன்."

நான் பேசுவேனா என்று மேடம் காத்திருந்தார் என நினைக்கிறேன். பஸ் கவிழ்வதை நோட்டில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நடக்கவில்லை என்று குறித்திருக்கிறேன். அந்த நாட்களில் எல்லாம் அவள் முன் சீட்டில் உட்கார்ந்து ஒரு டிரைவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வெளியே மழை விட்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றோம்.

"என்னிக்கிப் போற?" என்றேன்.

"எங்க?"

"ஹாஸ்டலுக்கு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நெசமாவா சொல்ற?"

"அந்த பஸ்ஸு வேணாம்."

"நீ இருந்துப்பியா?"

"தெரியல," என்றேன். அது உண்மை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவரின் வண்டியில் ஒரு பக்கெட்டையும் பாயையும் கட்டிக்கொண்டு அப்பாவும் மகளும் முன்னால் போக, நான் பஸ்ஸில் பின்னால் போனேன். ஒரு அறையில் ஆறு கட்டில். ஜன்னலுக்கு வெளியே ஒரு குட்டையும் அதில் இரண்டு எருமைகளும் இருந்தன. அங்கிருந்த வார்டன் அம்மாவிடம், மழைக்கு இந்தக் குட்டை ஏறுமா என்று கேட்டேன். போன வருஷம் வாசற்படி வரை ஏறியது, அப்போதே பெண்களை மாடிக்கு அனுப்பிவிட்டோம் என்றார். ஏறவே ஏறாது என்று அவர் சொல்லியிருந்தால் அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

அதற்குப் பிறகும் புதன்கிழமைகளில் போகிறேன். மேடம் இன்றுவரை எனக்குச் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. போன வாரம், வேறு ஊருக்கு மாற்றல் வந்தாலும் வரலாம், வந்தால் குறைந்தது நான்கு புதனுக்கு முன்பே சொல்வேன் என்றார். அதை எழுதிக்கொண்டேன்.

மகளுக்கு ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிகிறது. இரண்டரைக்குள் போன் செய்வேன் என்று சொல்லியிருக்கிறாள். ஓவர்டைம் போட்டால் நாலு மணிகூட ஆகும். போடுவார்களா மாட்டார்களா என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும். காத்திருக்கும் நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று மேடம் கேட்டார். சில நாள் தூங்கிவிடுகிறேன் என்றேன். அவர் நம்பாதது போல் பார்த்தார். நிஜமாகவே தூங்கிவிடுகிறேன். சில நாள் தூங்குவதில்லை. இன்றைக்கு மணி மூன்றேகால். இன்னும் போன் வரவில்லை.